கப்பலில் துணி துவைப்பது யார்? – ஒரு வரலாற்றுப் பார்வை



பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறைப் பேச்சில் இப்பொழுதெல்லாம் உல்லாசக் கப்பல் பயணமும் இடம்பிடித்துவிடுகிறது. கிள்ளான் துறைமுகத்திலோ சிங்கப்பூரிலோ ஏறி, சில நாள் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அண்மையில் அப்படிப்பட்ட ஒரு பேச்சில், சிறு பிள்ளைகளுடன் நீண்ட கப்பல் பயணம் செல்லத் திட்டமிட்டிருந்த சக ஆசிரியை ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “நம் ஊரில் மூலைக்கு மூலை டோபி லாயான் டிரி கடை இருக்கிறது. காசைப் போட்டு நாமே துவைத்துக்கொள்கிறோம். இவ்வளவு பெரிய கப்பலில் அந்த வசதி ஏன் இல்லை? இருக்க வேண்டாமா?”

சிலர் சிரித்தனர். “விடுமுறைக்குப் போகிற இடத்திலுமா துணி துவைப்பது?” என்றார் ஒருவர். அது சிரித்துவிட்டுக் கடந்துபோகிற கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. கப்பலில் துணி துவைப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நீரின் அருமை, ஏழைப் பயணியின் உடல்நலம், நெருப்பின் ஆபத்து, பிறர் அழுக்கைத் துவைத்த தொழிலாளர்களின் வாழ்வு ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. அந்த வரலாற்றைப் பார்த்த பிறகு விடை சொல்வதே முறை.

கடல்நீரும் சவர்க்காரமும்

சுற்றிலும் நீர் இருந்தும் துவைக்க நீர் இல்லாத இடம் கப்பல். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சாதாரணச் சவர்க்காரத்தை அந்நீரில் தேய்த்தால் நுரை வராது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாக மாறிவிடும். அக்கசடு அழுக்கை நீக்குவதற்கு மாறாகத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எப்படியோ துவைத்துவிட்டாலும் தொல்லை தீராது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஆகவே கடல்நீரில் துவைத்த துணி முழுமையாக உலராது. அதனை உடுத்துபவரின் தோல் உராய்ந்து புண்ணாகும். பாய்மரக் கப்பல் மாலுமிகள் துணியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இழுத்துச் செல்ல விட்டதும், மழை பெய்தால் ஓடிச்சென்று மழைநீரைப் பிடித்துத் துவைத்ததும் இந்தத் தொல்லையினால்தான்.

பின்னாளில் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட ஒரு வகைச் சவர்க்காரம் கடல்நீரிலும் ஓரளவு நுரைத்தது. அதற்குக் ‘கடல் சவர்க்காரம்’ என்றே பெயர். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்குக் கடலோடிகளின் வாழ்வில் இப்படியும் ஓர் இடம் இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள்

19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இலட்சக்கணக்கான ஏழைகள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். ஆஸ்திரேலியப் பயணம் பாய்மரக் கப்பலில் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. குடும்பங்கள் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. பேன்களின் வழியே பரவும் டைபஸ் காய்ச்சல் அந்நெரிசலில் பலரைக் கொன்றது. 1847ஆம் ஆண்டு அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கனடாவுக்குக் கப்பலேறியவர்களுள் ஆயிரக்கணக்கானோர் இக்காய்ச்சலுக்குப் பலியாயினர்.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேறிகளின் கப்பல்களுக்காகப் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஒழுங்கு விதிகளில் நம் கேள்விக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு விதி உண்டு. வாரத்தில் இரண்டு நாள்களைத் துணி துவைக்கும் நாள்களாகக் கப்பல் தலைவர் அறிவிக்க வேண்டும். ஆனால், எக்காரணம் கொண்டும் கீழ்த்தளத்தில் துணி துவைக்கவோ உலர்த்தவோ கூடாது.

ஈரத்துணி கீழ்த்தளக் காற்றை மேலும் கெடுக்கும் என்பதால் தடை விதித்தனர். எனினும், துவைக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. துவைப்பதற்கென்று நாளையும் ஒதுக்கினர். மிகக் குறைந்த கட்டணம் செலுத்திய பயணிக்கும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளும் வாய்ப்பை விதியே உறுதி செய்தது.

நன்னீரின் அளவையும் பாருங்கள். 1855ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பயணிகள் சட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று குவார்ட் நீர் வழங்கக் கட்டளையிட்டது. அது ஏறத்தாழ 3.4 லிட்டர். இன்றைய சலவை இயந்திரம் ஒருமுறை துவைக்க 50 லிட்டர் அளவு நீர் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், அது அந்நாளைய பயணி ஒருவரின் இரண்டு வார நீர். அவ்வளவு தட்டுப்பாட்டிலும் துவைக்கும் நாள் ஒதுக்கப்பட்டது.

நம்மவர் வந்த கப்பல்கள்

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த வழியும் கடல்வழியே. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலை அறியாத முதியவர் நம் குடும்பங்களில் குறைவு. சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1973 வரை அக்கப்பல் ஓடியது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்தோடு அக்கப்பலின் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

தளப் பயணி என்றால் அறையோ கட்டிலோ இல்லாதவர். கப்பல் தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தவர். அத்தகைய பயணிகளைக் கரைக்கு அனுப்புவதற்கு முன், பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இருந்த நோய்த்தடுப்பு முகாம்களில் தங்கவைக்கும் வழக்கம் பல காலம் நீடித்தது. அங்கே அவர்களைக் குளிக்கவைத்து, உடைகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்தனர். வரும் வழியில் தூய்மைக்கு ஏற்ற வசதி போதாத மக்களை, வந்திறங்கியபின் ‘அழுக்கானவர்கள்’ என்று நடத்தும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. துவைக்க இடம் கொடுப்பது மானத்தைக் காப்பது என்று நான் கருதுவது இதனால்தான்.

துவைத்தவர்கள் யார்?

நீராவிக் கப்பல்கள் வந்தபின் பயணம் குறுகியது. பயணிகளுக்கான ஏற்பாடுகளும் மாறின. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் சலவைக்கூடமே இல்லை. 45,000 மேசைக் கைத்துணிகள், 15,000 ஒற்றைப் படுக்கை விரிப்புகள் என்று துணி மலையையே ஏற்றிச் சென்றார்கள். கரை திரும்பியபின் அனைத்தையும் அங்கே துவைப்பதே திட்டம்.

நீண்ட பயணங்களுக்கு இம்முறை ஒத்துவராது. ஆகவே கப்பலுக்குள்ளேயே சலவைக்கூடமும், அதில் வேலை செய்யத் தனித் தொழிலாளர்களும் வந்தனர். இங்கே நமக்கு அறிமுகமான ஒரு சொல் குறுக்கிடுகிறது. இந்தியாவில் துணி வெளுப்பவரைக் குறித்த ‘டோபி’ என்ற சொல் பிரிட்டிஷ் கடற்படையினரின் பேச்சுமொழியில் புகுந்து, துணி துவைப்பதையே குறிக்கலாயிற்று. அதே சொல் மலாய் மொழியிலும் குடியேறியது. சிங்கப்பூரின் டோபி காட் என்னும் இடப்பெயர், அங்கே ஓடையோரம் துணி துவைத்த இந்தியத் தொழிலாளர்களின் நினைவாக நிற்கிறது. இன்று அதன் அடியில் ஓடும் விரைவு ரயிலில் ஏறுகிற நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதை அறிவர்?

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஹாங்காங்கிலிருந்து சேர்க்கப்பட்ட சீனத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் சலவை வேலை செய்தனர். அவர்கள் போர்வீரர்கள் அல்லர். ஆயினும் 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்து போரில் ‘ஷெஃபீல்டு’, ‘கவன்ட்ரி’ என்னும் இரு கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஒவ்வொன்றிலும் ஒரு சீனச் சலவைத் தொழிலாளியும் உயிரிழந்தார். யாருடைய போரிலோ, யாருடைய சீருடையையோ துவைத்தவர்கள் அவர்கள்.

தமிழராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. துணி வெளுக்கும் வேலையை வண்ணார் என்னும் சமூகத்தின் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தியவர்கள் நாம். நம் உடையைத் தூய்மை செய்தவரையே தாழ்வாக நடத்திய வரலாறும் நமக்கு உண்டு. தன் அழுக்கைத் தானே துவைப்பது இழிவு என்ற எண்ணம் அந்த வரலாற்றின் மிச்சமே. “விடுமுறையிலுமா துவைப்பது?” என்ற நகைச்சுவைக்குப் பின்னால் அந்த எண்ணம் சிறிதேனும் ஒளிந்திருக்கிறதா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கரையிலிருந்து கடலுக்கு

சுயசேவைச் சலவையகம் கரையில் பிறந்தது. 1934இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரில் மின் இயந்திரங்களை வாடகைக்குத் தரும் கடை திறக்கப்பட்டது. பொருளாதார மந்தக் காலம் அது. இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துத் துவைத்தார்கள். பிரிட்டனின் முதல் சலவையகம் 1949ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனின் குவீன்ஸ்வே தெருவில் திறக்கப்பட்டது.

அடுத்து அது கடலுக்கு வந்தது. 1969இல் சேவையில் இறங்கிய ‘குவீன் எலிசபெத் 2’ என்னும் புகழ்பெற்ற கப்பலில் பயணிகள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் சுயசேவைச் சலவையகம் இருந்தது. உலகைச் சுற்றிவந்த செல்வந்தர்களும் அங்கே தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொள்ள முடிந்தது.

இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறுபடுகிறது. குனார்ட், வைக்கிங் ஆகியவற்றின் கடற்கப்பல்களில் இவ்வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. கார்னிவல், பிரின்சஸ் ஆகியவற்றில் கட்டணம் உண்டு. ராயல் கரீபியன் கப்பல்களில் இவ்வசதி இல்லை. அங்கே துணியைப் பையில் இட்டுப் பணியாளரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். நம் வட்டாரத்தில் 1993இல் கெந்திங் குழுமம் தொடங்கிய ஸ்டார் குரூஸ், சில இரவுகளே நீடிக்கும் குறுகிய பயணங்களைப் பரவலாக்கியது. அத்தகைய பயணத்துக்கு ஒரு பெட்டித் துணியே போதும். நம்மவர் பலருக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீ பற்றிய அச்சம்

வேண்டாம் என்பவர்களின் முதல் வாதம் தீ. இது பொருட்படுத்த வேண்டிய வாதம். உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சுத்தூசு எளிதில் தீப்பற்றும். கடலின் நடுவே தீயணைப்பு வண்டி வராது. அறைகளில் இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்தக் கப்பல் நிறுவனங்கள் தடை விதிப்பது இதற்காகவே.

ஆனால், வரலாறு காட்டும் இரண்டு விபத்துகளைக் காண்போம். 1996ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், அலாஸ்கா கடற்பகுதியில் ‘யுனிவர்ஸ் எக்ஸ்புளோரர்’ கப்பலில் தீப்பிடித்தது. தொடங்கிய இடம் கப்பலின் முதன்மைச் சலவைக்கூடம். புகை பணியாளர் தங்கும் பகுதிக்குப் பரவியதில் ஐந்து பணியாளர்கள் இறந்தனர். 1998ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், மயாமியிலிருந்து புறப்பட்ட ‘எக்ஸ்டசி’ கப்பலிலும் முதன்மைச் சலவைக்கூடத்தில் தீ மூண்டது. அங்கே அனுமதியின்றி நடந்த பற்றவைப்பு வேலையிலிருந்து பரவிய தீ, காற்றுக்குழாய்களில் சேர்ந்திருந்த பஞ்சுத்தூசைப் பற்றிக்கொண்டது என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டறிந்தது.

இவ்விரண்டும் பயணிகளின் சலவையகத்தில் நேர்ந்தவை அல்ல. பயணியின் கண்ணுக்குப் படாத, பணியாளர் வேலை செய்யும் கூடத்தில் நேர்ந்தவை. ஆகவே, பயணியிடமிருந்து இயந்திரத்தை அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று சொல்ல இயலாது. துணி எங்கோ ஓரிடத்தில் உலர்த்தப்படத்தான் போகிறது. பஞ்சுத்தூசை நாள்தோறும் அகற்றுவது, தானே அணையும் இயந்திரம், புகையுணர் கருவி, நீர்த்தெளிப்பான் ஆகியவையே பாதுகாப்பு. இவை மேல்தளத்துக்கும் வேண்டும், கீழ்த்தளத்துக்கும் வேண்டும்.

நீர் பற்றிய வாதமும் உண்டு. இன்றைய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வூடு செலுத்தியோ நன்னீர் ஆக்குகின்றன. அதற்கு ஆற்றல் செலவாகிறது. துவைத்த நீர் ‘சாம்பல் நீர்’ எனப்படுகிறது. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை மலக்கழிவுக்கு விதி வகுத்திருக்கிறதேயன்றிச் சாம்பல் நீருக்கு வகுக்கவில்லை. இது வருந்தத்தக்க குறைபாடு. ஆனால், பணியாளர் துவைத்தாலும் பயணி துவைத்தாலும் வெளியேறுவது அதே நீர்தான்.

அளவுகோல் எது?

அப்படியானால் எல்லாக் கப்பல்களிலும் சுயசேவைச் சலவையகம் வேண்டுமா? இதற்கான அளவுகோல் 1949ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்பேன். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அவ்வாண்டு கப்பல் பணியாளரின் தங்குமிடம் குறித்து 92ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பணியாளரின் எண்ணிக்கைக்கும் பயணத்தின் வழக்கமான கால அளவுக்கும் ஏற்பத் துணி துவைக்கவும் உலர்த்தவும் வசதி தரப்பட வேண்டும் என்று அது கூறியது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் பணியாளருக்குச் சலவை வசதியைக் கட்டாயமாக்கியது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இதனை மலேசியாவும் சிங்கப்பூரும் ஏற்றுள்ளன.

அதாவது, கப்பலில் வேலை செய்பவருக்குத் தன் துணியைத் துவைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பாய்மரக் காலத்து ஏழைப் பயணிக்கும் அந்த நாள் ஒதுக்கப்பட்டது. இன்றைய பயணிக்கு மட்டும் அது கப்பலைப் பொறுத்து இலவசமாகவோ, விலைக்கோ, இல்லாமலோ போகிறது.

‘எத்தனை பேர், எத்தனை நாள்’ என்ற அந்தப் பழைய அளவுகோலையே பயணிகளுக்கும் பொருத்தலாம். மூன்று நான்கு இரவுப் பயணத்துக்குச் சலவையகம் கட்டாயமில்லை. ஒரு வாரத்தைத் தாண்டும் பயணத்துக்கு வேண்டும். குழந்தைகளை ஏற்றும் கப்பலுக்குக் கட்டாயம் வேண்டும். கடல் நோயால் இரவில் வாந்தியெடுத்த குழந்தையின் உடையும், படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையின் உடையும் பையில் போட்டு மறுநாள்வரை காத்திருக்கக்கூடியவை அல்ல. பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சலவைத் தொழிலாளரின் வேலை பறிபோகுமா என்றும் கேட்கலாம். போகாது. கப்பல் சலவைக்கூடத்தின் பெருஞ்சுமை படுக்கை விரிப்புகள், துண்டுகள், உணவகத் துணிகள், சீருடைகள். அவற்றைப் பயணி துவைக்கப் போவதில்லை. ஒரு குடும்பம் தன் பிள்ளைகளின் சட்டையைத் தானே துவைத்துக்கொள்வதால் எவருடைய பிழைப்பும் கெடாது. கீழ்த்தளத்து வெப்பத்தில் நின்று வேலை செய்பவரின் உழைப்பு எத்தகையது என்பது ஒரு கூடைத் துணியின் அளவுக்கேனும் நமக்குப் புரியும்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு புட்டிகளில் அரை லிட்டர் குழாய்நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் 18 கிராம் உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் சம அளவு சவர்க்காரச் சீவல் இட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். நுரையின் உயரத்தை மாணவர்களே அளவுகோலால் அளந்து எழுதட்டும். சலவைத்தூள் வேண்டாம், கட்டிச் சவர்க்காரமே ஏற்றது. அறிவியல் பாடத்தில் தொடங்கி, குடியேறிகளின் கப்பலுக்கும் அங்கிருந்து நன்னெறிப் பாடத்துக்கும் இயல்பாகச் செல்லலாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ரஜூலா கப்பலிலோ சிதம்பரம் கப்பலிலோ வந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், “தாத்தா, கப்பலில் வரும்போது துணியை எங்கே துவைத்தீர்கள்? எங்கே காயப்போட்டீர்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். ரஜூலா நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கேட்டுப் பெற வேண்டியதை இப்பொழுதே கேட்டுப் பெறுவது நல்லது.